கண்ணுக்கு நேரே: படங்களைச் சுவரில் மாட்டிய கதை



தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவர்கள் எவரும் மறக்காத ஒரு சுவர் உண்டு. முன் அறையில் தலைக்கு மேலே, கூரையை ஒட்டினாற்போல வரிசையாகப் படங்கள். நடுவில் முருகன், ஒரு பக்கம் லட்சுமி, இன்னொரு பக்கம் சரஸ்வதி. கோடியில் மாலை போட்ட தாத்தாவின் புகைப்படம். அடுத்து மளிகைக் கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி. எல்லாப் படங்களும் ஒரே மாதிரி முன்பக்கம் சாய்ந்திருக்கும். அடிப்பாகம் ஒரு மரச்சட்டத்தில் உட்கார்ந்திருக்க, மேல்பாகம் கயிற்றில் தொங்கியபடி சுவரை விட்டு நான்கு விரற்கடை விலகி நிற்கும். எதற்காக இப்படிச் சாய்த்து மாட்டினார்கள் என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. சாமி நம்மைக் குனிந்து பார்க்கிறது என்று பாட்டி சொல்வார், நாமும் நம்பினோம்.

பாட்டி சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. உயரத்தில் இருக்கும் படத்தை நேராக மாட்டினால், கீழே நிற்பவனுக்கு அது சப்பையாகத் தெரியும். கண்ணாடி போட்ட படமானால் வாசல் வெளிச்சம் அதில் பட்டு வெள்ளையாய்ப் பளிச்சிடும். உள்ளே இருப்பது தெரியாது. சற்றே குனிய வைத்தால் இரண்டு குறையும் தீரும். இதே உபாயத்தை, இதே காரணத்துக்காக, இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பாரிஸிலும் லண்டனிலும் பெரிய ஓவிய மண்டபங்களில் கையாண்டிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். ஓவியம் தீட்டிய கதையை அல்ல. தீட்டிய ஓவியத்தைச் சுவரில் எங்கே, எந்த உயரத்தில், எதன் பக்கத்தில் மாட்டுவது என்று மனிதர்கள் சண்டையிட்டுக் கற்றுக்கொண்ட கதையை.

பிரான்ஸ் நாடு நமக்கு அவ்வளவு தூரமானதும் அல்ல. பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்து வந்த இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில், தென்னமரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டவர் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர். இந்த வட்டாரத்து வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் அந்நாட்டின் பெரிய இலக்கியப் பரிசும் கிடைத்தது. அவருடைய நாட்டில், பாரிஸ் நகரத்து லூவர் அரண்மனையில் ஒரு சதுர மண்டபம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அரசாங்கக் கலைக்கழகத்தின் கண்காட்சி அங்கேதான் நடந்தது. தரையிலிருந்து சில அடி விட்டு, கூரை வரைக்கும், சட்டத்தோடு சட்டம் இடிக்க, சுவரே தெரியாதபடி படங்கள். மேலே பெரிய புராணப் படங்களும் அரசர் படங்களும், கீழே சிறிய படங்கள். மேலே இருப்பவை எல்லாம் நம் வீட்டு முருகனைப் போலவே முன்னால் சாய்ந்திருக்கும்.

இவ்வளவு படங்களையும் யார் எதை எங்கே மாட்டுவது? அதற்கென்று ஓர் ஓவியரையே நியமித்தார்கள். 1755-லிருந்து 1774 வரை அந்த வேலையைப் பெரும்பாலும் பார்த்தவர் ஷார்தேன். அவர் ஒரு தச்சருடைய மகன். அவருடைய தந்தை பில்லியர்ட் மேசைகள் செய்து பிழைத்தவர். ஷார்தேன் வரைந்ததும் அரசர்களை அல்ல. செம்புப் பாத்திரம், வெங்காயம், சந்தைக்குப் போய் ரொட்டி வாங்கி வரும் வேலைக்காரப் பெண், இப்படிப்பட்டவற்றைத்தான். ஏணி போட்டு, கயிறு கட்டி, இந்தப் படம் அந்தப் படத்தைக் கெடுக்கிறதா என்று நின்று பார்த்து, மாற்றி மாற்றி மாட்டிய அந்த மனிதரை, கண்காட்சி அமைப்பாளர் என்ற தொழிலின் மூதாதையர் என்று சொல்லலாம். தச்சுப் பட்டறையில் வளர்ந்தவருக்கு அந்த வேலை கைவந்தது எனக்கு வியப்பாக இல்லை.

லண்டனில் கதை இன்னும் காரசாரமானது. அங்கே அரச கலைக்கழகம் 1780 முதல் சோமர்செட் மாளிகையின் பெரிய மண்டபத்தில் கண்காட்சி நடத்தியது. அந்த மண்டபத்தின் சுவரைச் சுற்றிலும் தரையிலிருந்து ஏறக்குறைய 8 அடி உயரத்தில் ஒரு மரச்சட்டம் ஓடியது. அதற்குக் 'கோடு' என்றே பெயர். முழு உருவப் படங்கள் அந்தக் கோட்டுக்கு மேலேதான் மாட்டப்பட வேண்டும் என்பது விதி. கோட்டை ஒட்டி இடம் கிடைத்தவன் பாக்கியவான். கூரைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தவனுடைய ஓராண்டு உழைப்பை எவரும் பார்க்கப் போவதில்லை. பார்க்காத படத்தை எவரும் வாங்கப் போவதுமில்லை. ஆகவே எந்த உயரத்தில் மாட்டுவது என்பது கௌரவப் பிரச்சினை மட்டும் அல்ல, வயிற்றுப் பிரச்சினையும் கூட.

1784-இல் கேன்ஸ்பரோ என்ற புகழ்பெற்ற ஓவியர், மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மூத்த மகள்கள் மூவரையும் ஒரே படமாக வரைந்து அனுப்பினார். மிக மெல்லிய ஒளியில் தீட்டிய படம் அது. ஐந்தரை அடிக்கு மேலே மாட்டினால் முகச்சாயலும் வேலைப்பாடும் தெரியாது, ஆகவே அந்த உயரத்துக்கு மேலே போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். விதியை மாற்ற முடியாது என்று கழகம் மறுத்துவிட்டது. மனிதர் தம் படங்கள் எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டு போய்த் தம்முடைய வீட்டிலேயே காட்சிக்கு வைத்தார். 1788-இல் சாகும் வரை அந்தக் கழகத்தின் கண்காட்சிக்கு ஒரு படமும் அவர் அனுப்பவில்லை. இரண்டரை அடி வித்தியாசத்துக்காக இவ்வளவா என்று தோன்றும். பால் மரம் வெட்டியவர்களுக்கு இது புரியும். நெஞ்சு உயரத்தில் இருக்கும் வெட்டையும், ஏணி வைத்து ஏறி அண்ணாந்து வெட்டும் வெட்டையும் ஒன்று என்று சொல்வாரா எவரேனும்? கை அதேதான், கத்தி அதேதான்; கண் பார்க்கும் கோணம் மாறினால் வேலையே மாறிப் போகிறது.

உயரம் ஒன்று, பக்கத்தில் யார் என்பது இன்னொன்று. 1832-ஆம் ஆண்டுக் கண்காட்சியில் கான்ஸ்டபிள் என்ற ஓவியர் வாட்டர்லூ பாலத் திறப்பு விழாவைக் காட்டும் ஒரு படத்தை வைத்தார். கொடிகளும் படகுகளுமாகச் சிவப்பும் பொன்னிறமும் மின்னும் படம். அதற்குப் பக்கத்தில் டர்னர் என்பவருடைய கடல் படம். சாம்பல் நிறம், அவ்வளவுதான். கண்காட்சி திறப்பதற்கு முன் ஓவியர்கள் வந்து கடைசியாகத் தூரிகை தொட்டுக்கொள்ள அனுமதி உண்டு. டர்னர் வந்தார். பக்கத்துப் படத்தையும் தம் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தம்முடைய சாம்பல் கடலின் நடுவே ஒரு காசளவுக்குச் சிவப்பு வண்ணத்தை வைத்தார். ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அந்த ஒரு பொட்டு, பக்கத்துப் படத்தின் சிவப்பு முழுவதையும் மங்க அடித்துவிட்டது. துப்பாக்கி வெடித்தது போல் உணர்ந்தாராம் கான்ஸ்டபிள். ஒன்றரை நாள் கழித்து டர்னர் திரும்ப வந்து அந்தப் பொட்டைக் கடலில் மிதக்கும் மிதவையாகத் திருத்தி வைத்தார். இன்றைக்கும் கண்காட்சி அமைப்பவர்கள் பயப்படுவது இதற்குத்தான். ஒரு படத்தை அதன் அண்டை வீட்டுக்காரன் கெடுத்துவிடுவான். கல்யாண வீட்டில் யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று நம் பெரியவர்கள் படும் பாட்டுக்கு இது குறைந்தது அல்ல.

இந்த நெரிசலை உடைத்தவர்கள், கழகத்தார் ஒதுக்கிய ஓவியர்களே. 1874-ஆம் ஆண்டு ஏப்ரலில் மொனே, ரெனுவார், தெகா, பிஸாரோ முதலிய முப்பது பேர் பாரிஸில் ஒரு புகைப்படக்காரர் காலி செய்த கூடத்தை எடுத்துத் தாங்களே கண்காட்சி வைத்தார்கள். கூரை வரை அடுக்கவில்லை, இரண்டே வரிசை. யார் படம் எங்கே என்பதை அளவு பார்த்தும் சீட்டுக் குலுக்கியும் முடிவு செய்வது என்று ஏற்பாடு, சண்டை வரக்கூடாது பாருங்கள். இன்னொன்றும் செய்தார்கள். பகலில் திறந்ததோடு நில்லாமல், இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரைக்கும் விளக்குப் போட்டுத் திறந்து வைத்தார்கள். பகலெல்லாம் வேலை செய்பவன் எப்போது படம் பார்க்க வருவான் என்று யோசித்தவர்கள் அவர்கள். பத்திரிகைகள் பல அவர்களைக் கேலி செய்தன; விற்பனையும் அதிகம் இல்லை. ஆனால் படத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்ற பாடம் நின்றுவிட்டது.

இரவு நேரத் திறப்பை இன்னும் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் லண்டனின் கிழக்குப் பகுதியில் இருந்தார்கள். வைட்சாப்பல் என்னும் அந்தப் பகுதியில் வாழ்ந்தவர்கள் துறைமுகக் கூலிகளும் தையற்காரர்களும் பிழைப்புத் தேடி வந்த அகதிகளும். அங்கே பாதிரியாராக இருந்த சாமுவேல் பார்னெட்டும் அவர் மனைவி ஹென்ரியெட்டாவும், 1881 முதல் ஆண்டுதோறும் ஈஸ்டர் விடுமுறையில், கோயிலை ஒட்டிய பள்ளிக்கூட அறைகளில் ஓவியக் கண்காட்சி நடத்தினார்கள். பணக்காரர்களிடம் நல்ல படங்களை இரவல் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை திறக்கக்கூடாது என்று சக பாதிரிமார்களே எதிர்த்தார்கள்; உழைப்பவனுக்கு ஓய்வு கிடைக்கும் நாள் அது ஒன்றுதான் என்று பார்னெட் திறந்தே வைத்தார். படங்களைப் பற்றிய குறிப்புகளைச் சாதாரண மக்களின் மொழியில் எழுதி, மலிவு விலைப் புத்தகமாக விற்றார்கள். பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லவும் ஆட்களை வைத்தார்கள். இந்த முயற்சியிலிருந்து பிறந்ததுதான் 1901-இல் திறந்த வைட்சாப்பல் ஓவியக்கூடம். முதல் கண்காட்சிக்கு ஆறு வாரத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். படிக்காதவனுக்கு ஓவியம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அந்தக் கூட்டமே பதிலாயிற்று.

அதே கூடத்தில் 1939 ஜனவரியில் நடந்ததைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர். குண்டு வீச்சில் அழிந்த கெர்னிக்கா என்ற ஊருக்காகப் பிக்காஸோ தீட்டிய மாபெரும் படம் அங்கே வந்தது. உயரம் ஏறக்குறைய பதினொன்றரை அடி, அகலம் இருபத்தைந்து அடி. நம் லயத்து வீடு ஒன்றின் முன்பக்கம் அவ்வளவு இருக்குமா என்பது சந்தேகம். பார்க்க வருபவர்கள் போர்முனைக்கு அனுப்பத்தக்க ஒரு ஜோடி பூட்சைக் கொண்டு வந்து கொடுக்கலாம் என்று சொன்னார்கள். தொழிலாளிகள் கொண்டு வந்தார்கள். கொண்டு வந்த பூட்ஸ்களைப் படத்தின் அடியிலேயே வரிசையாக வைத்தார்கள். மேலே எரியும் ஊர், கீழே உழைத்துத் தேய்ந்த காலணிகள். எந்த நிபுணரும் அதைவிடப் பொருத்தமான காட்சியை அமைத்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

நம் பக்கம் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். 1873-இல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், கூந்தலுக்குப் பூச்சூடும் நாயர் பெண்ணின் படத்துக்காக ரவி வர்மா கவர்னரின் தங்கப் பதக்கம் பெற்றார். திருவிதாங்கூரின் கிளிமானூரில் பிறந்த அவர், பின்னாளில் தம் ஓவியங்கள் அரண்மனைச் சுவர்களோடு முடிந்துவிடக் கூடாது என்று எண்ணினார். 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வண்ணப் படங்களாக அச்சிட்டார். அதன் பிறகு கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சகங்களிலிருந்து நாள்காட்டிகளாகப் புறப்பட்டன. கப்பல் ஏறி இந்த மண்ணுக்கு வந்த நம் முன்னோர் சுவரில் சாய்த்து மாட்டிய படங்கள் இந்த மரபிலே வந்தவைதான். கண்காட்சிக்குப் போகாதவர்கள் வீட்டுக்குக் கண்காட்சியே வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

இப்போது நாம் கலைக்கூடங்களில் காணும் முறை, அதாவது வெளிர்நிறச் சுவர், ஒரே வரிசை, கண் உயரம், இடையிலே தாராளமான வெற்றிடம், எங்கோ ஒரே நாளில் பிறந்துவிடவில்லை. அதைப் பரப்பியதில் பெரும்பங்கு நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்துக்கு உண்டு. அதன் முதல் இயக்குநர் ஆல்ஃபிரெட் பார், அப்போது 27 வயது இளைஞர். வாடகைக் கட்டடம் ஒன்றின் பன்னிரண்டாம் மாடியில் சுவர் அலங்காரங்களை எல்லாம் நீக்கி, சாயம் போடாத துணியைச் சுவரில் ஒட்டி, படங்களைத் தனித்தனியாகக் கண்ணுக்கு நேரே மாட்டினார். அது 1929 நவம்பர். அதே ஊரில் பங்குச் சந்தை சரிந்து சில நாட்களே ஆகியிருந்தன. அந்தச் சரிவின் அலைதான் இங்கே ரப்பர் விலையைப் பாதாளத்துக்குத் தள்ளியது. சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேறின. சில நாள் இடைவெளியில் ஒரே ஊரில் தொடங்கிய இரண்டு செய்திகளில் எது நம் வீட்டை எட்டியது என்று உங்களுக்குத் தெரியும்.

நம் நாட்டில், விடுதலை பெற்ற அடுத்த ஆண்டே, 1958 ஆகஸ்டில், பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் தேசியக் கலைக்கூடத்தைத் திறந்து வைத்தார். அன்றைக்குக் கூடத்துக்கென்று சொந்தமாக இருந்தவை அன்பளிப்பாக வந்த நான்கு படங்கள் மட்டுமே. நான்கு படத்தை வைத்துக்கொண்டு நாட்டுக்கே கலைக்கூடம் திறக்க ஒரு துணிவு வேண்டும். 1984-இல் அது ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பழைய மெஜஸ்டிக் ஹோட்டல் கட்டடத்துக்குப் போயிற்று. 1998-இல் ஜாலான் துன் ரசாக்கை ஒட்டிய சொந்தக் கட்டடத்துக்குப் போயிற்று.

அங்கே படம் மாட்டும் முறையை இனிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் அது உதவும். முதலில் ஆணியைத் தொடவே மாட்டார்கள். படங்களை எல்லாம் தரையில், சுவரோரம் சாய்த்து வைத்து, ஒன்றிரண்டு நாள் நடந்து நடந்து பார்ப்பார்கள். வாசலில் நுழைபவன் கண்ணில் முதலில் படுவது எது? தூரத்திலிருந்தே கூப்பிடும் படத்தை எதிர்ச்சுவரில் வைப்பார்கள். கிட்டப்போய்க் குனிந்து பார்க்க வேண்டிய சின்னப் படத்தைப் பெரிய படத்தின் பக்கத்தில் வைத்து நசுக்க மாட்டார்கள்.

பிறகு உயரம். படத்தின் மேல்முனையையோ அடிமுனையையோ ஒரே வரிசையில் நிறுத்துவதில்லை. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அல்லது 58 அங்குலத்தில் வரும்படி மாட்டுவார்கள். சராசரி ஆளின் கண்மட்டம் அது. கணக்கு எளியது. 24 அங்குல உயரப் படம். பாதி 12 அங்குலம். பின்பக்கக் கம்பியை இழுத்துப் பிடித்தால் அது சட்டத்தின் மேல்முனைக்கு 3 அங்குலம் கீழே நிற்கிறது. 58-உடன் 12-ஐக் கூட்டி 3-ஐக் கழித்தால் 67. ஆணி 67 அங்குலத்தில். அவ்வளவுதான் வித்தை.

வெளிச்சத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டும். ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தூரத்தில் தரும் ஒளியை ஒரு லக்ஸ் என்று அளக்கிறார்கள். காகிதத்தில் தீட்டிய நீர்வண்ணப் படத்துக்கு 50 லக்ஸ் போதும் என்பது காட்சியகங்களின் கணக்கு. எண்ணெய் வண்ணப் படம் 200 லக்ஸ் வரை தாங்கும். நம் வீட்டு லட்சுமியின் சிவப்புப் புடவை சில ஆண்டுகளில் நீலம் பூத்துப் போனதற்குக் காரணம், வாசல் வெயில். இந்தச் சீதோஷ்ணத்தில் பூஞ்சையும் ஒரு சத்துரு. சட்டத்தின் பின் மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டினால் படம் சுவரில் படாமல் காற்று போய்வரும். ஈரச் சுவரில் பசை தடவி ஒட்டுவதைப் போல் கெடுதல் வேறில்லை.

ஒட்டியவனே நான்தான். பல ஆண்டுகளுக்கு முன், கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு தோட்டப் பள்ளியின் விழாவில் பிள்ளைகளின் படங்களைக் காட்சிக்கு வைக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. கை படாமல் இருக்கட்டும் என்று மேசை மேல் ஏறி, கஞ்சிப் பசையால் எல்லாவற்றையும் உயரத்தில் ஒட்டினேன். இரவு மழை. விடிந்து பார்த்தால் பாதி படங்கள் தரையில் சுருண்டு கிடந்தன. மீதியைப் பார்க்க வந்தவர்கள் கழுத்து வலியோடு அடுத்த அறையில் இருந்த காப்பிக்குப் போய்விட்டார்கள். வரைந்த பிள்ளைகளுக்கே தங்கள் படம் எட்டவில்லை. ஒரு சிறுமி, "சார், என் படம் எங்கே?" என்று கேட்டபோது, நான் அவளைத் தூக்கிக் காட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு, நடுப்பகுதி தரையிலிருந்து நாலடியில் வரும்படி, தடித்த அட்டையில் பொருத்தி, ஒரே வரிசையாகக் கயிறு கட்டிக் கவ்விகளில் தொங்கவிட்டோம். படத்தின் வலப்பக்கம் பெரிய எழுத்தில் தமிழில் பெயர்ச்சீட்டு. விழாவுக்கு, முப்பது ஆண்டு பால் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அம்மா, பேரனைக் கையில் பிடித்தபடி வந்தார். முதுகு கூன் விழுந்தவர். அந்த நாலடி அவருக்கும் கண் உயரமாக அமைந்துவிட்டது. ஒவ்வொரு படமாக நின்று பார்த்துக்கொண்டே வந்தவர், பால் மரம் வரைந்த ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கணும். புள்ள மாத்தி வரைஞ்சிருக்கு. இப்படி வெட்டினா பால் குறையும்."

வரைந்த பையனைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினோம். அந்த அம்மா அவன் கையைப் பிடித்து, விரலையே கத்தியாக வைத்து, காகிதத்தின் மேல் வெட்டுப் போடக் கற்றுக் கொடுத்தார்.